அநியாயமான ஒரு ஸ்டார் ரிவியூ வந்தால் என்ன செய்வது?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது. தேனும் பனையோலைப் பெட்டிகளும் இணையச் சந்தையிலும் பேஸ்புக்கிலும் விற்கிறார். பெட்டி இழைப்பது ஊரிலுள்ள நாலைந்து பெண்கள். இதுவரை 24 பேர் ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள். இப்போது நுவரெலியாவிலிருந்து ஒருவர் ஒரு ஸ்டார் போட்டு, "இது தேன் இல்லை, சீனிப்பாகு. போத்தலின் அடியில் சீனி உறைந்து கிடக்கிறது. பார்சலும் பிந்தி வந்தது. ஏமாற்றுக்காரர்" என்று சிங்களத்தில் எழுதியிருக்கிறார். "காசைத் திருப்பிக் கொடுத்து அழிக்கச் சொல்லவா, பதிலுக்கு நாலு கேள்வி கேட்கவா, சொந்தக்காரரைக் கொண்டு ஐந்து ஸ்டார் போடுவிக்கவா, இல்லை இந்தக் கடையை மூடிவிட்டு வேறு பெயரில் திறக்கவா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, இந்த நாலும் வேண்டாம். காரணத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன், அந்த ரிவியூவுக்கு இன்றைக்குப் பதில் எழுதாதீர்கள். ஒரு நாளாவது போகட்டும். பல தளங்களில் விற்பவருக்கு ஒரு தடவைதான் பதில் எழுத இடம் இருக்கும். கைவினைப் பொருட்கள் விற்கும் எட்ஸி போன்ற தளத்தில், நீங்கள் பகிரங்கமாகப் பதில் போட்ட பிறகு வாங்கியவர் தன் ரிவியூவை மாற்ற நினைத்தாலும் மாற்ற முடியாது. அவசரப்பட்டு எழுதினால், அவர் மனம் மாறுவதற்கு இருந்த வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

இரண்டாவது, அந்த ரிவியூவைச் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டி வாசிப்பியுங்கள். கைபேசியின் மொழிபெயர்ப்பை நம்பிக் கோபப்படவும் வேண்டாம், அதை நம்பிப் பதில் எழுதவும் வேண்டாம். சிங்களத்தை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்பவர்கள் நிறையப்பேர். அதை மொழிபெயர்ப்புச் செயலிகள் தலைகீழாகக் காட்டுவதுண்டு. "இது சீனியா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்பதற்கும் "நீ சீனி கலந்தாய்" என்பதற்கும் இடையில் இருக்கிற தூரம் பெரிது. சந்தேகப்படுகிற ஆளுக்கு விளக்கம் கொடுக்கலாம். திட்டுகிற ஆளிடம் கதைக்கும் முறை வேறு. வன்னியிலிருந்து விற்கிற எங்களில் பலருக்கு வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் தெற்கில்தான் இருக்கிறார்கள். ஆகவே சிங்களம் தெரிந்த ஒருவரின் உதவியை ஒழுங்காக வைத்துக்கொள்வது தராசு வாங்குவதைப் போல கடைக்கு அவசியமான ஒன்று. வவுனியாவிலோ கிளிநொச்சி நகரத்திலோ வேலை செய்யும் உறவுக்காரர் யாராவது இருப்பார். ரிவியூ வந்ததும் படம் எடுத்து அனுப்பி, வசனம் வசனமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

சரி, இப்போது அவர் எழுதியதைப் பிரித்துப் பாருங்கள். மூன்று விஷயம் இருக்கிறது: சீனி உறைந்திருக்கிறது, பார்சல் பிந்தியது, ஏமாற்றுக்காரர். முதலாவது அவர் கண்ணால் கண்டது, ஆனால் பிழையாக விளங்கிக்கொண்டது. இரண்டாவது அனேகமாக உண்மை. மூன்றாவது கோபம். ஒரு ரிவியூவை முழுதாகப் பார்த்து "அநியாயம்" என்று சொல்லிவிட்டால் உள்ளே இருக்கும் உண்மை கண்ணில் படாது. நான் பார்த்த அநியாயமான ரிவியூக்களில் பெரும்பாலானவற்றில் ஒரு வசனமாவது சரியாக இருந்தது. அந்த ஒரு வசனத்துக்கு நேர்மையாகப் பதில் சொன்னால்தான் மற்றதை மறுக்கும்போது வாசிப்பவர் உங்களை நம்புவார்.

தேன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேன் விற்கிற எல்லோருக்கும் இந்தக் குற்றச்சாட்டு ஒருநாள் வரும். தேனில் இருக்கும் சீனிகளில் முக்கியமானவை பிரக்டோசும் குளுக்கோசும். குளுக்கோசு தேனுக்குள் கரைந்து நிற்கக்கூடிய அளவை விடக் கூடுதலாக இருப்பதால், குளிர் பட்டதும் பளிங்காகப் பிரிந்து அடியில் படியும். 14 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரில் இது கெதியாக நடக்கும். நுவரெலியாவில் இரவுக் குளிர் அதற்கும் கீழே போகும். எங்கள் பக்கம் வருடம் முழுக்க வெக்கை என்பதால் முல்லைத்தீவில் தெளிவாக நின்ற அதே தேன் அங்கே போய் உறைகிறது. நீங்கள் காணாத ஒன்றை அவர் காண்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. உறைந்த போத்தலை இளஞ்சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால், 40 பாகைக்கு மேல் சூடாக்காமல், திரும்ப இளகும்.

ஆனால் இதையும் மனதில் வைத்திருங்கள்: உறைந்தது கலப்படத்துக்கு ஆதாரம் இல்லை என்பதைப் போலவே, சுத்தத்துக்கும் ஆதாரம் இல்லை. ஆகவே "உறைந்தால்தான் அசல் தேன்" என்று பதிலில் எழுத வேண்டாம். தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது போன்ற வீட்டுச் சோதனைகளையும் இழுக்க வேண்டாம். அவை நம்பத்தக்கவை அல்ல. விஷயம் தெரிந்த ஒருவர் வாசித்தால் உங்கள் சொல்லுக்கு இருக்கிற மதிப்பும் போய்விடும். தேன் நுரைத்து, புளிப்பு மணம் வந்தது என்று ஒருவர் எழுதினால் அது வேறு கதை. சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் தேனில் தண்ணீர் 20 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. அடை முற்றுமுன் எடுத்த தேனில், மழைகாலத்தில் எடுத்த தேனில் இது கூடிப்போய்ப் புளிக்கும். அந்த முறைப்பாடு நியாயமானது, காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

இன்னொரு பிழைவிளக்கமும் தேனில் அடிக்கடி வரும். "ஒரு கிலோ என்றீர்கள், போத்தலில் 700 மில்லிலீற்றர்தான் இருக்கிறது" என்பார்கள். தேன் தண்ணீரை விட அடர்த்தி கூடியது. ஒரு கிலோ தேன் கிட்டத்தட்ட 700 மில்லிலீற்றர்தான் வரும். 750 மில்லிலீற்றர் போத்தல் நிரம்பத் தேன் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். தளத்தில் போடும் பொருள் விவரத்தில் நிறை, கனவளவு இரண்டையும் போட்டுவிட்டால் இந்தச் சண்டை வரவே வராது.

பிந்தி வந்ததற்கு வருவோம். அனுப்பிய திகதி உங்கள் கையில் இருக்கிறதா? குரியர் பற்றுச்சீட்டைப் பாருங்கள். ஓடர் வந்த மறுநாளே கொடுத்துவிட்டீர்கள் என்றால் தாமதம் வழியில். மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ கிளை இருக்கும், உள் கிராமங்களுக்கு எடுக்க வர மாட்டார்கள், வாரத்தில் இரண்டு தரம்தான் உங்களால் நகரத்துக்குப் போக முடியும் என்றால், தாமதத்தில் உங்கள் பங்கும் உண்டு. அது குற்றம் அல்ல. ஆனால் விவரத்தில் "செவ்வாய், வெள்ளி அனுப்பப்படும்" என்று எழுதாமல் விட்டது திருத்த வேண்டிய விஷயம். டராஸ் இணையச் சந்தையில் பொருளுக்கும் விற்பவருக்கும் கொண்டுவந்து தருபவருக்கும் தனித்தனியே மதிப்பிட இடம் இருக்கிறது. ஆனாலும் கோபத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் பொருளின் ஸ்டாரிலேயே கொட்டிவிடுவார். இதை மாற்ற உங்களால் முடியாது. "பொருள் அனுப்பிவிட்டேன், வர நாலைந்து நாள் எடுக்கும்" என்று அனுப்பும் அன்றே ஒரு சிறு செய்தி போட்டால் பாதிக் கோபம் பிறக்காமலே போகும்.

இனி அந்த வாங்கியவருக்கு எழுதுவது. முதலில் தனியாக, தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே எழுதுங்கள். வட்ஸ்அப்புக்குப் போக வேண்டாம். பிறகு முறைப்பாடு என்று வந்தால் தளம் பார்ப்பது தன் பெட்டிக்குள் இருப்பதைத்தான். இப்படி எழுதலாம்:

"வணக்கம் ஐயா. உங்கள் ரிவியூவைப் பார்த்தேன். தேன் அடியில் உறைந்திருப்பது குளிரான இடங்களில் நடப்பது. போத்தலை இளஞ்சூடான தண்ணீரில் வைத்தால் திரும்ப இளகும். அப்படிச் செய்த பிறகும் மணத்திலோ சுவையிலோ உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் போத்தலைத் திருப்பி அனுப்புங்கள், முழுக் காசையும் தருகிறேன். பார்சல் பிந்தியதற்கு வருந்துகிறேன்."

இதில் ரிவியூவை மாற்றச் சொல்லி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "ரிவியூவை எடுத்தால் காசு தருகிறேன்" என்று எழுதுவது பெரிய தளங்கள் பலவற்றில் விதிமீறல். அதை அவர் படம் எடுத்து அனுப்பினால் தளத்தின் கண்ணில் குற்றவாளி நீங்கள்தான். காசைத் திருப்பிக் கொடுப்பது பொருளில் பிழை இருப்பதற்காக இருக்க வேண்டும், வாயை மூடுவதற்காக இருக்கக்கூடாது. முதலில் பிரச்சினையைத் தீருங்கள். தீர்ந்து, அவரும் திருப்தி என்று சொன்னால், அப்போது "விரும்பினால் ரிவியூவை மாற்றலாம்" என்று ஒரு தடவை கேட்பதில் பிழை இல்லை. ஈபே என்ற சர்வதேச இணையச் சந்தையில் இதற்கென்றே திருத்தக் கோரிக்கை என்று ஒரு வசதி இருக்கிறது: கருத்து வந்து 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும், வாங்கியவருக்கு 10 நாள் அவகாசம், உங்களுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு 1000 கருத்துக்கும் வருடத்தில் 5 கோரிக்கைதான். சின்னச் சின்ன மனத்தாங்கலுக்கு அதைச் செலவழிக்காதீர்கள்.

நாலைந்து நாள் பார்த்துவிட்டு, அவர் பதில் தரவில்லையென்றால் பகிரங்கப் பதில். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அந்தப் பதிலை நீங்கள் எழுதுவது அவருக்கு அல்ல. அவர் திரும்பி வந்து வாசிக்கப்போவதும் இல்லை. நாளைக்கு உங்கள் தேனை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டு, ஐந்து ஸ்டார்களைத் தாண்டி நேரே அந்த ஒரு ஸ்டாருக்கு வந்து நிற்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எழுதுங்கள். அவருக்கு உங்கள் கஷ்டம் தெரியாது. இடம்பெயர்ந்து மீண்டு வந்து இந்தத் தொழிலைத் தொடங்கியது தெரியாது, யார் வீட்டில் அடுப்பெரிய இந்தப் பெட்டி விற்க வேண்டும் என்பதும் தெரியாது. அதைச் சொல்லி இரக்கம் கேட்பது உங்கள் பொருளின் மதிப்பைக் குறைக்கும். அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான்: நடந்தது என்ன, எனக்கும் இப்படி நடந்தால் இந்தக் கடைக்காரர் என்ன செய்வார்.

"குளிர்ப் பிரதேசங்களில் தேன் அடியில் உறைவது இயல்பு, இளஞ்சூடான நீரில் இளகும். சீனி எதுவும் சேர்ப்பதில்லை. திருப்தியில்லாதவர் போத்தலைத் திருப்பி அனுப்பினால் முழுக் காசும் தருகிறோம் என்று இவருக்கும் எழுதியிருக்கிறோம். பார்சல் பிந்தியதற்கு வருந்துகிறோம். அனுப்பும் நாட்களை இப்போது விவரத்தில் சேர்த்திருக்கிறோம்."

இவ்வளவும் போதும். இதைச் சிங்களத்தில் போடுங்கள். ஒரு வசனம்கூட "நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்று இருக்கக்கூடாது. "சீனி எதுவும் சேர்ப்பதில்லை" என்ற வசனத்தை மட்டும், தேன் எடுத்துத் தருபவரிடம் நேரே கேட்டு உறுதிப்படுத்திய பிறகே போடுங்கள். இரண்டு மூன்று பேரிடம் வாங்குகிறீர்கள் என்றால் எந்தப் போத்தல் யாருடையது என்று குறித்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இனிக் குறியுங்கள். ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் திகதி போட்டு வைத்துவிட்டால், முறைப்பாடு வரும்போது அதே தேனை நீங்களும் பார்த்து, மணந்து, சுவைத்துச் சொல்லலாம்.

அவருடைய தொலைபேசி இலக்கத்தையோ விலாசத்தையோ படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டு "இந்த ஆளிடம் கவனம்" என்று எழுதும் பழக்கம் இப்போது பரவலாகி இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஓடருக்காகத் தந்த விவரம் ஓடருக்கு மட்டும்தான். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் இலங்கையில் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், அதைப் பார்க்கும் அடுத்த வாடிக்கையாளர் தன்னுடைய இலக்கமும் ஒருநாள் இப்படி வரும் என்றுதான் நினைப்பார்.

"ஏமாற்றுக்காரர்" என்ற சொல்லுக்காகப் பொலிசுக்குப் போகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இல் நீக்கப்பட்டுவிட்டது. மானநட்டத்துக்குக் குடியியல் வழக்குப் போடலாம், ஆனால் ஒரு போத்தல் தேனுக்காக நீதிமன்றம் ஏறி இறங்குவது உங்கள் காலத்தையும் காசையும் தின்னும். தளத்தின் விதிகளுக்குள்ளேயே வழி இருக்கிறதா என்று பாருங்கள். தூஷணம், இன மத அவமதிப்பு, மிரட்டல், தனிப்பட்ட விவரம், வேறு கடையின் விளம்பரம் போன்றவை ரிவியூவில் இருந்தால் அனேகமான தளங்கள் புகார் செய்ததும் எடுக்கும். "எனக்குப் பிடிக்கவில்லை", "தரம் போதாது" என்பவற்றை எடுக்கமாட்டார்கள். எடுக்கவும் கூடாது. புகார் எழுதும்போது எந்தச் சொல் எந்த விதியை மீறுகிறது என்று ஒரு வசனத்தில் சுட்டிக்காட்டுங்கள். அங்கே உங்கள் மனவருத்தத்தை எழுதிப் பயனில்லை, வாசிப்பவருக்கு ஒரு நாளில் பார்த்து முடிக்க நிறைய இருக்கும்.

மிரட்டல் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "பாதிக் காசைத் திருப்பித் தா, இல்லாவிட்டால் ஒரு ஸ்டார் போடுவேன்" என்று சிலர் எழுதுவார்கள். பொருளில் பிழை இருந்தால் அதற்கான திருப்பிக்கொடுத்தல் வேறு. பிழையே இல்லாமல் கேட்பது மிரட்டல். ஈபேயில் இது விதியாலேயே தடைசெய்யப்பட்டது, அந்தச் செய்தி தளத்துக்குள் பதிவாகியிருந்தால் வந்த கருத்தை நீக்கக் கேட்கலாம். அப்படி ஒரு செய்தி வந்தால் விவாதிக்க வேண்டாம். "பொருளில் என்ன பிழை என்று படத்துடன் அனுப்புங்கள், பார்க்கிறேன்" என்று மட்டும் பதில் போட்டுவிட்டு, ரிவியூ வருமுன்னரே தளத்துக்கு அறிவியுங்கள். ஒரு தடவை பயந்து காசு கொடுத்தால் அந்த ஆள் அடுத்த கடைக்கும் இதையே செய்வார். ஈபேயில் 2008 இலிருந்து விற்பவர் வாங்குபவருக்குப் பாதகமான கருத்து எழுதவும் முடியாது, ஆகவே பதிலுக்குப் பதில் என்ற வழியும் இல்லை. ஒரு ஆறுதல் உண்டு: 2016 இலிருந்து அங்கே பாதகமான கருத்து மட்டும் உங்கள் விற்பனையாளர் தரத்தைக் கீழே இறக்காது. நீங்களாக ஓடரை ரத்துச் செய்வதும், வாங்கியவரின் முறைப்பாட்டைத் தீர்க்காமல் விட்டு ஈபே தலையிட வேண்டி வருவதும்தான் அங்கே முக்கியமாகக் கணக்கில் விழுகின்றன.

பேஸ்புக் பக்கத்தில் வருவது வேறு மாதிரி. அங்கே உங்களிடம் எதுவுமே வாங்காத ஒருவரும் எழுதலாம். போட்டிக் கடைக்காரர், காணிப் பிரச்சினையில் கோபித்துக்கொண்ட உறவுக்காரர், யாரும் வரலாம். ஆள் யார் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் பெயர் சொல்லி எழுத வேண்டாம். "உங்கள் ஓடர் எங்கள் பதிவில் இல்லை. ஓடர் திகதியை அனுப்பினால் உடனே பார்க்கிறோம்" என்று மட்டும் போடுங்கள். வாசிப்பவருக்கு அதிலேயே விளங்கிவிடும். அப்புறம் வெளிநாட்டிலிருந்து ஊரிலுள்ள பெற்றோருக்கு ஓடர் போடும் எங்கள் ஆக்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து ஒரு மகன் எழுதும் ரிவியூ, அம்மா தொலைபேசியில் சொன்னதை வைத்து எழுதியது. பொருளை அவர் கண்டதில்லை. அந்த நேரத்தில் மகனோடு வாதாடாமல், அவர் அனுமதியோடு அம்மாவுக்கு ஒரு அழைப்பு எடுத்து "என்னம்மா குறை?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தீரும். வன்னிக்குள் இருந்து விற்பதில் எங்களுக்கு இருக்கும் பலம் அது.

சொந்தக்காரரைக் கொண்டு ஐந்து ஸ்டார் போடுவிப்பதை ஏன் வேண்டாம் என்றேன்? ஒரே விலாசம், ஒரே கைபேசி, ஒரே வைஃபை என்று தளங்கள் கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. கண்டுபிடித்தால் பொய் ரிவியூவோடு கடையும் போகலாம். அமெரிக்காவில் 2024 ஒக்டோபரிலிருந்து போலி ரிவியூ வாங்குவதும் விற்பதும் தண்டப்பணம் விதிக்கக்கூடிய விதிமீறல். அதைவிட, கணக்கைப் பாருங்கள். உங்களுக்கு 24 ஐந்து ஸ்டார், ஒரு ஒற்றை ஸ்டார். சராசரி 4.84. வெறும் நாலு ரிவியூ இருந்த கடைக்கு இதே ஒற்றை ஸ்டார் விழுந்திருந்தால் 4.2. அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகம் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், ஆக்கள் வாங்கும் சாத்தியம் உச்சத்தில் இருப்பது 5.0 இல் அல்ல, 4.0 க்கும் 4.7 க்கும் இடையில் என்று கண்டார்கள். குறையே இல்லாத கடையைப் பார்த்தால் ஆக்களுக்குச் சந்தேகம் வருகிறது. உங்களுக்கு வந்த ஒரு ஸ்டார் உங்கள் கடையை உண்மையான கடையாகக் காட்டுகிறது.

ஆனாலும் முதலாவது அடி வலிக்கும், அதை நான் மறுக்கவில்லை. 2010 இல் வெளியான ஈபே பற்றிய ஓர் ஆய்வில், முதலாவது பாதகமான கருத்து விழுந்ததும் வாரத்துக்கு 5 வீதம் வளர்ந்துகொண்டிருந்த விற்பனை, வாரத்துக்கு 8 வீதம் குறையத் தொடங்கியது என்று கண்டார்கள். அடுத்த பாதகமான கருத்துகள் முன்னதை விடக் கெதியாக வந்தன, ஆனால் அவற்றால் அந்தளவு பாதிப்பு இல்லை. இதை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன்: முதலாவது அடிக்குப் பிறகு பலர் மனம் சோர்ந்து, பொதி கட்டுவதிலும் பதில் போடுவதிலும் கவனம் குறைந்துவிடுகிறார்கள். அடுத்து வரும் பத்து ஓடர்களில் நீங்கள் செலுத்தும் கவனம் அந்த ரிவியூவோடு சண்டை பிடிப்பதை விடப் பெரிய வேலை.

கடையை மூடிப் புதிதாகத் திறக்கும் யோசனையையும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். 2006 இல் வெளியான வேறோர் ஆய்வில், ஒரே மாதிரியான பழைய தபாலட்டைகளை நல்ல பெயருள்ள ஈபே கணக்கிலும் புத்தம் புதிய கணக்குகளிலும் விற்றுப் பார்த்தார்கள். பழைய பெயருக்கு வாங்குபவர்கள் 8.1 வீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். உங்களுடைய 24 பேரின் சொல்லை ஒருவருடைய சொல்லுக்காக எறிந்துவிட்டு வெறுங்கையோடு தொடங்குவது நட்டம்.

இனி வரும் பார்சல்களுக்கு ஒரு பழக்கம் வையுங்கள். மூடுமுன் பொருளையும் ஓடர் இலக்கம் எழுதிய துண்டையும் சேர்த்து ஒரு படம், தராசில் வைத்து ஒரு படம். குரியர் பற்றுச்சீட்டில் நிறை அச்சாகியிருக்கும், அது "குறைவாக அனுப்பினார்" என்பவருக்கு மறுக்க முடியாத பதில். இந்தப் படங்களை ஆறு மாதமாவது வைத்திருங்கள். பெட்டிகளுக்கு நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் போட்டு, பக்கத்தில் ஒரு தேங்காயையோ கோப்பையையோ வைத்து எடுத்த படம் ஒன்றும் சேருங்கள். "படத்தில் பெரிதாகத் தெரிந்தது" என்பதுதான் பெட்டிக்கு வரும் முறைப்பாடுகளில் முதலாவது. ஓலை நாள்பட மஞ்சளாகும், சாயமிட்ட ஓலை நனைந்தால் சாயம் இறங்கும் என்பதை விவரத்தில் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் இழைத்த பெட்டியை நன்றாகக் காயவிடாமல் பொலித்தீனில் அடைத்து அனுப்பினால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு வரும் ஒரு ஸ்டார் நியாயமான ஸ்டார்.

பார்சலுக்குள் ஒரு சின்னத் துண்டும் வைக்கலாம்: "குறை இருந்தால் முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள். பிறகு உங்கள் மனதில் பட்டதைத் தளத்தில் எழுதுங்கள்." ஐந்து ஸ்டார் கேட்க வேண்டாம், பரிசும் வேண்டாம். நல்ல அனுபவம் கிடைத்தவர் பெரும்பாலும் எழுதாமலே போய்விடுவார், அவருக்கு ஒரு நினைவூட்டல்தான் தேவை.

பெட்டி இழைக்கும் பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு கெட்ட ரிவியூவின் பாரம் கடைசியில் போய் விழுவது அவர்கள் மேல்தான். யாராவது "குப்பை" என்று எழுதினால் அந்தச் சொல்லை அப்படியே கொண்டுபோய் அவர்கள் முன் போடாதீர்கள். "மூடி இறுக்கமாக இல்லையாம், விளிம்பை இன்னும் ஒரு சுற்று மடித்துப் பார்ப்போமா?" என்று கையால் திருத்தக்கூடியதாக மாற்றிக் கொடுங்கள். குறை அவர்கள் பக்கம்தான் என்று நீங்களே பெட்டியைப் பார்த்து உறுதிப்படுத்தாமல் கூலியில் கை வைக்க வேண்டாம். முகம் தெரியாத ஒருவர் கோபத்தில் போட்ட ஸ்டாருக்கு, ஓலை கிழித்து விரல் வெட்டுப்பட்ட ஒருத்தியின் கூலி ஈடாகாது. நல்ல ரிவியூ வந்தால் அதையும் வாசித்துக் காட்டுங்கள், யாருடைய பெட்டி என்று பெயர் சொல்லி.

இந்த வாரம் செய்ய வேண்டியது: அந்த நிரப்பலில் மிஞ்சிய தேன் போத்தல்களை எடுத்து நுரை, புளிப்பு மணம் இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் தனிச் செய்தியை அனுப்புங்கள். தேன் உறைவது பற்றி இரண்டு வசனம், நிறையும் கனவளவும், அனுப்பும் நாட்கள் ஆகிய மூன்றையும் விவரத்தில் தமிழ், சிங்களம் இரண்டிலும் சேருங்கள். பகிரங்கப் பதிலைப் போடுமுன் எனக்கு அனுப்புங்கள். சிங்களத்தை வடிவாகப் பார்த்துத் தரக்கூடிய ஒருவர் இங்கே இருக்கிறார், சரிபார்த்து அன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன்.